பதினொரு நிமிடம்

ஒஸ்த்ராவாவில் நவம்பர்.
மூடிவிட்ட நீச்சல்குளத்தில் நீரை வடித்து
அறுபது மேசை போட்டிருக்கிறார்கள்.
சுவரில் இன்னும் அழியவில்லை:
ஆழம் 1.8 மீட்டர். குதிக்காதே.

ஐந்தாம் சுற்று. பதினேழாம் மேசையில்
ஒரு கை உயர்கிறது: "நடுவர்!"
கறுப்புச் சட்டையில் நான் போகிறேன்.
நடக்கும்போதே காதைத் தீட்டிக்கொள்வது வழக்கம்.
கண்ணை நம்பிப் பயனில்லை,
நான் போய்ச் சேர்வதற்குள்
பார்க்க வேண்டியது எப்போதும் முடிந்திருக்கும்.

ராதிம், செயற்கைப்பல் செய்யும் கூடத்தில் வேலை.
ஸ்திஸ்லாவா, எட்டாம் எண் டிராம் ஓட்டுகிறவள்,
இரவுப் பணி முடித்து நேராக வந்திருக்கிறாள்
சீருடைக் கோட்டைக்கூடக் கழற்றாமல்.

நடந்தது இவ்வளவுதான்.
அவன் கரிநாகத்தை இறக்கினான்.
நாகம் இறங்கினால் ஒரு சீட்டு எடுக்கலாம்.
எடுத்தான்.
அவள் "பொறு" என்றாள்.

எடுத்தான், என்றாள்.
என்றாள், எடுத்தான்.
இந்த இரண்டு வினைச்சொல்லில்
எது முந்தி என்று சொல்லத்தான்
எனக்கு மதியச் சாப்பாடும் இந்தச் சட்டையும்.

கடைசியாக மேலே வைத்தது முதலில் தீரும்,
எச்சில் தட்டு அடுக்கைக் கழுவுவது போல.
பந்திக்கு முந்தியவனுக்கு இங்கே
இலை கடைசியில்தான் விழும்.
மௌனம் சம்மதம் என்பதற்கு
விதிப்புத்தகத்தில் எண்ணே உண்டு.
ஆனால் எவ்வளவு நேரம் வாய் மூடியிருந்தால்
அது மௌனம்?
அதற்கு எண் இல்லை.

தனித்தனியே அழைத்துக் கேட்டேன்.
"சரியா என்று கேட்டேன்,
ஒரு மூச்சு விடும் நேரம் காத்திருந்தேன்."
"சரியா என்றான். அந்தச் சொல் முடிவதற்குள்
கை கட்டின் மேல்."
இருவர் முகத்திலும் பொய் இல்லை.
பொய் இருந்திருந்தால் வேலை சுலபம்.

பக்கத்து மேசை லெயோஷ் கேட்காமலே சொன்னான்:
"'பொறு' எனக்கு இரண்டு தரம் கேட்டது.
கை போவதற்கு முன் ஒன்று,
போன பிறகு ஒன்று."

அவனை நான் நம்பவில்லை.
எடுத்தது எடுத்ததுதான் என்று தீர்த்தேன்.
அவள் கோபப்படவில்லை.
"மேல்முறையீடு" என்றாள்,
அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்லும் குரலில்.

தலைமை நடுவர் ட்ரஹோமீரா வந்தாள்,
வாயில் பாதி ரொட்டியோடு.
யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.
ஒரே ஒரு தரம் கைதட்டினாள்.

ஓசை ஓடிப்போய்
ஆழமான பக்கத்து ஓடுகளில் மோதி
திரும்பி வந்து எங்கள் தோளைத் தட்டியது.

முதல் "பொறு"வை அறுபது மேசையின் சளசளப்பு
விழுங்கிவிட்டது.
ராதிமுக்குக் கேட்டது
சுவர் சொன்ன "பொறு".

சீட்டு கட்டுக்குள் போனது. கலைத்தோம்.
அவன் அதைப் பார்த்துவிட்டானே,
பார்த்ததைக் கலைக்க விதி இல்லை.
நான் சொன்ன தவறான தீர்ப்பும்
எந்தக் கட்டுக்குள்ளும் போகவில்லை,
சட்டைப்பையில் பேனாவோடு கிடந்தது.

தாளில் எழுதினேன்: கூடுதல் நேரம், பதினொரு நிமிடம்.
எண்ணிப் பார்த்தால் வேடிக்கை.
டிராமில், பல் கூடத்தில், என் வீட்டில்
சண்டையில் போன நிமிடத்தை
இப்படி எழுதித் திருப்பித் தந்தவர் யார்?

ஸ்திஸ்லாவா தன் தடையைப் போட்டாள்.
அதன் மேல் அவன் ஒன்று போட்டான்.
மேலே இருந்தது முதலில் தீர்ந்தது.
அவளுடைய தடை வெறும் காகிதமாயிற்று,
நாகம் அப்படியே நின்றது.
ஒன்பதாம் நிமிடம் அவள் தோற்றாள்,
கைகுலுக்கினாள், கையெழுத்திட்டாள்,
மேசையில் கன்னம் வைத்துக் கண்ணை மூடினாள்.

மிச்சம் இரண்டு நிமிடம்.
வேறு எந்த மேசையிலும் ஆட்டம் இல்லை.
சுற்று முடிந்தது என்று
நான் உரக்கக் கூவ வேண்டும்,
சுவர் இன்னொரு தரம் கூவும்.
வாயைத் திறந்தேன்.

"பொறு" என்றான் ராதிம்.

அது ஒரே தரம்தான் கேட்டது.