இரண்டு மீட்டர்

டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருந்தது:
பின் இருக்கையில், ஓட்டுபவருக்குக் குறுக்கு மூலையில்.
குழந்தைகளிடமிருந்து இரண்டு மீட்டர், பதினைந்து நாள்.
பத்தாம் வகுப்புக்கு அணுக்கரு இயற்பியல் நடத்துகிறவளுக்கு
விளக்கம் வேண்டாம் என்று டாக்டர் நினைத்திருப்பார்.
எனக்கும் வேண்டியிருக்கவில்லை,
மேலூர் தாண்டும் வரை.

கழுத்துத் தையலில் சீட் பெல்ட் உரசியது.
கழற்றட்டுமா என்றேன்.
வயிரவன் கண்ணாடியில் பார்த்தார், பதில் இல்லை,
வண்டியை ஓரம் கட்டினார்.
துண்டை நாலாய் மடித்து நடுவே
நானே செருகிக்கொண்ட பிறகுதான் கிளப்பினார்.

பிள்ளையார்பட்டி விலக்கில்
ஜல்லி ஏற்றிய டிப்பர் ஒன்று கையும் காட்டாமல் திரும்பியது.
பிரேக்.
என் பக்கத்தில் பெல்ட் போடாமல் உட்கார்ந்திருந்த கஞ்சி ஃபிளாஸ்க்
எண்பது கிலோமீட்டர் வேகத்தை விட மனமில்லாமல்
முன்னால் போய் கியர் மேல் உடைந்தது.
இருபது வருடமாகக் கரும்பலகையில் எழுதுகிறேன்,
புறவிசை ஒன்று தடுக்காத வரை என்று.
என் புறவிசை இரண்டு அங்குல அகலம், சாம்பல் நிறம்,
நெஞ்சைக் குறுக்கே இறுக்கியது.
வலித்தது.
வலிக்க நான் இருந்தேன்.

வயிரவனின் இடது கை பழக்கத்தில் பின்னால் நீண்டது.
தொடாதீங்க என்றேன்.
அந்தரத்தில் கொஞ்சம் நின்றுவிட்டு
கஞ்சியைத் துடைக்கப் போனது அது.

கானாடுகாத்தானில் நாங்கள் குடியிருப்பது
ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் வீட்டின்
கடைசிக் கட்டு. மாதம் நாலாயிரம்.
முன்கட்டுகளுக்குப் பதினோரு பங்காளிகள், பதினோரு பூட்டு.
பெருக்கி முடியாத இந்த நீளத்தை
எத்தனை முறை திட்டியிருப்பேன்.
இப்போது முற்றத்துக்கு இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம் தேனு.
டேப் பிடித்து அளந்து சாக்பீஸில் கோடு போட்டாள்: எட்டு மீட்டர்.
இரண்டு மீட்டரில் விழுவதில் பதினாறில் ஒரு பங்கு;
விடை நாக்கில் தானே வந்து நின்றது.
சாலையில் வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றல் நாலு மடங்கு.
வீட்டில் தூரம் இருமடங்கானால் என் கேடு கால்வாசி.
அதே வர்க்கக் கணக்கு,
அங்கே எமனுக்கு, இங்கே எனக்கு.

நாலாம் ராத்திரி கரண்டு போனது.
கூடங்குளத்தில் யுரேனியம் பிளந்து, தண்ணீர் கொதித்து,
சக்கரம் சுழன்று அத்தனை தொலைவு வந்தது
எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மரில் படுத்துக்கொண்டது.
என் தொண்டை அயோடினும் எங்கோ ஓர் உலையில் பிறந்ததுதான்.
இதற்குப் பிளக்கத் தெரியாது,
சிதையத்தான் தெரியும்.
முற்றத்துக்கு அப்பால் இருட்டில் இரண்டு கண் விழித்திருந்தன.
வெகுநேரம் கழித்துக் குரல் வந்தது:
"நீ ஒளிரவே இல்லையேம்மா."
அத்தனை ஏமாற்றம்.

எட்டு நாளில் பாதி. பதினாறில் கால்.
உடம்பு தன் பங்குக்குக் கழுவி அனுப்புவது தனிக்கணக்கு,
அதற்குத்தான் இரண்டு முறை ஃபிளஷ்.
பாதியின் பாதியின் பாதி,
பூச்சியம் என்றொரு தேதி காலண்டரில் கிடையாது.
வகுப்பில் கடைசி பெஞ்சு கேட்கும்:
அப்ப எப்ப மிஸ் தீரும்?
தீராதுப்பா. போதுமான அளவு குறையும்.

பதினாறாம் நாள் காலை
தேனு கோட்டை அழிக்கவில்லை.
அதன் மேலேயே ஓடி வந்தாள், வேகம் குறைக்காமல்.
மோதிய பின் இரு பொருள்களும் ஒன்றாக நகர்ந்தன,
ஈரத்துணி காயும் கொடி வரை.