எரியில் விளக்கு போன வெள்ளி

ஊரின் பெயர் எரி.
ஏரிக்கும் அதே பெயர்.
பிப்ரவரியில் இரண்டும் உறைந்து கிடக்கும்.

எழுபத்தெட்டாம் வருடம்,
மாதத்தின் இரண்டாம் வெள்ளி, எங்கள் பூசை.
கோயிலின் கீழ்த்தளம். ஆறு குழல்விளக்குகள்,
இரண்டு எப்போதும் கண்சிமிட்டும்.
சரிசெய்யச் சொல்லி லொரெட்டா நான்கு கடிதம் போட்டிருந்தாள்,
மேல்தளத்தில் புது மணிக்குப் பணம் திரட்டிய குழுவுக்கு.

நான் அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவன்.
ஈய வாசத்தோடு வந்து மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தேன்.

அன்றைய நற்செய்தி எங்களைப் பற்றியது,
அதனாலேயே எங்களுக்குப் பிடிக்காதது.
காதில் விரலிட்டு, நாவைத் தொட்டு,
எப்பத்தா, திறக்கப்படு என்கிறார் ஆண்டவர்.
அந்த இடம் வந்தால் லொரெட்டா
ஆண்டுதோறும் கையைக் கட்டிக்கொள்வாள்.
எங்கள் மொழியில் அது
கதவை அறைந்து சாத்துவது.

பாதர் ஜிக்மண்ட் காது கேட்பவர்;
கேளாத ஒரு தச்சனின் மகன்.
ஆணி அடிப்பதுபோல்தான் சைகை செய்வார்.
"லொரெட்டா, பார்.
அவனைக் கூட்டத்திலிருந்து தனியே கூட்டிப்போனார்.
முதலில் பேசியவை விரல்கள்.
வாய் திறந்தது பிற..."

விளக்கு போயிற்று.

பீடத்து மெழுகுவர்த்திகள் அவர் முதுகுக்குப் பின்னால்.
பாதர் ஒரு கறுப்புத் துணி.
எங்களை ஊமைகள் என்று சொன்னவர்கள் உண்டு,
பள்ளியில், பேருந்தில், சொந்த வீட்டில்.
அந்த ஒரு நிமிடம்தான்
நாங்கள் உண்மையில் அப்படி இருந்தோம்.
நாற்பது பேர், எண்பது கைகள்,
ஒரு சொல் இல்லை.

அப்போது தரை அதிர்ந்தது.
இரண்டு மிதி. இடைவெளி. இரண்டு மிதி.
உள்ளங்கால் வழியாக எல்லாரும் அறிந்தோம்:
யாத்விகா.
காதும் இல்லை, கண்ணும் இல்லை அவளுக்கு.
டோலரெஸின் கைகள்மேல் தன் கைகளை வைத்துத்தான்
பூசை காண்பாள்.
டோலரெஸ் விளக்குச் சொடுக்கியைத் தேடிப் போய்விட்டாள்,
வாக்கியத்தின் நடுவில்.
அந்தரத்தில் கைகளை ஏந்தியபடி
யாத்விகா தரையை உதைத்துக்கொண்டிருந்தாள்:
பிறகு என்ன? பிறகு என்ன?

பெஞ்சுகளைத் தடவித் தடவி
அந்த அதிர்வை நோக்கிப் போனோம்.
பாதர் முதலில் போய்ச் சேர்ந்தார்.
அவள் கைக்குக் கீழே தன் கையைக் கொடுத்து
விட்ட சொல்லை முடித்தார்.
அவள் அதை வாங்கி என்னிடம் தந்தாள்.
நான் பின்னால் இருந்த யாருக்கோ.
கைரேகை தெரியாத இருட்டில்
ஒரு செபம் ஆள் மாறி ஆள் மாறி,
கொஞ்சம் பிழையோடு,
கடைசி வரிசைவரை போயிற்று.

இயேசு என்பதற்கு எங்கள் சைகை:
நடுவிரலால் ஒரு உள்ளங்கையைத் தொட்டு
மறு உள்ளங்கையைத் தொடுவது.
முப்பத்தொரு வருடம் பார்த்த சொல்.
அன்று வேறொருவர் விரல்
என் வலக்கையில் அழுந்தியது, பிறகு இடக்கையில்.
அது பெயர்தானா என்று
எனக்கு இன்றும் சந்தேகம்.

கார்லிஸ் தன் பால் லாரியை
பனியில் உருட்டிக்கொண்டு வந்து
சன்னலுக்கு நேராக முகப்பு விளக்கைப் போட்டான்.
கண் கூசியது.
சட்டென்று எல்லாரும் கைகளை எடுத்துக்கொண்டோம்,
ஏதோ களவில் பிடிபட்டதுபோல.
கோட்டுப் பொத்தான்களைச் சரிசெய்தோம்.
பூசை ஒழுங்காக முடிந்தது.

பிறகு கூடத்தில் காபி, உருளைக்கிழங்குப் பியரோகி.
பாதர் ஒரு பாவத்தை எங்களிடம் ஒப்புக்கொண்டார்:
இருட்டியதும் முதலில் செய்தது,
"யாரும் பயப்படாதீர்கள்" என்று
தொண்டை கிழியக் கத்தியது.
மேசையை அடித்துச் சிரித்ததில் கோப்பைகள் நகர்ந்தன.
லொரெட்டா சிரிக்கவில்லை.
ஐந்தாவது கடிதத்தைக்
காகிதத் துடைப்பானில் எழுதிக்கொண்டிருந்தாள்.

யாத்விகா டோலரெஸின் கையைப் பிடித்துக் கேட்டாள்:
"இன்றைக்கு ஏன் எல்லாரும் என்மேல் வந்து விழுந்தீர்கள்?"
"மின்சாரம் போய்விட்டது."
"ஓ."
ஒரு பியரோகியை மெதுவாகத் தின்று முடித்தாள்.
பிறகு, மரியாதைக்காக,
"வந்துவிட்டதா?" என்று விசாரித்தாள்.