31 ஏ, உப்புக் குறைவு

தோஹா விமானச் சமையல்கூடத்தில்
தூரத்தைத் தட்டில் அளக்கிறோம்.
ஆக்லாந்து பதினான்காயிரம் கிலோமீட்டருக்கு மேல்:
ஆளுக்கு இரண்டு சாப்பாடு, நடுவில் ஒரு சாண்ட்விச்.
திருச்சி மூவாயிரத்து முந்நூறு:
ஒரே சாப்பாடு, ஒரு பன்.
பஹ்ரைன் என்றால் ஜூஸ் டப்பா,
அதையும் உறிஞ்சி முடிப்பதற்குள்
பெல்ட் போடச் சொல்லிவிடுவார்கள்.

சவரிமுத்து வியாழக்கிழமை போனான்.
மூன்று வருஷம் என் கட்டிலுக்கு மேல்கட்டில்.
பிரஷர் ஆசாமி. டிக்கெட்டிலேயே
உப்புக் குறைவு என்று பதிந்துவிட்டார்கள்.
அதனால்தான் கண்டுபிடிக்க முடிந்தது,
இருநூற்றுச் சொச்சம் தட்டுகளில்
சீட்டு ஒட்டிய தட்டு அது ஒன்றுதான்.
மரிசெல் மேடம் அந்தப் பக்கம் திரும்பிய நேரம்
பன்னுக்கு அடியில்
இரண்டு எலுமிச்சை ஊறுகாய்ப் பொட்டலம் வைத்தேன்.
பிறகு வண்டி, பிறகு பூட்டு, பிறகு லாரி.

ஏழு நாற்பதுக்குப் புறப்பாடு.
இரண்டு நாற்பதுக்கு இறங்கும் என்கிறது பலகை.
ஏழு மணி நேரமா? இல்லை,
பறப்பது நாலரைதான்.
மீதி இரண்டரையை
கடலுக்கு மேல் எங்கோ வைத்துக் கழித்துக்கொள்கிறார்கள்,
முதல் மாசச் சம்பளத்தில்
விசாக் காசு கழித்தது போல, கேட்காமல்.
ஆனால் இவர்கள்
திரும்பி வந்தால் கொடுத்துவிடுகிறார்கள்.

எட்டரைக்கு நான் ஆக்லாந்துக்குக்
கரண்டி உருட்டிக்கொண்டிருந்தேன்.
மஸ்கட் நெருங்கியிருக்கும், மூடியைத் திறந்திருப்பான்,
பன்னைத் தூக்கியிருப்பான்,
கெட்ட வார்த்தை ஒன்று சொல்லிச் சிரித்திருப்பான்.

ராத்திரி, கழுவும் பக்கம் ஆள் குறைவென்று
அங்கே தள்ளினார்கள்.
ஆறு பத்துக்கு அதே விமானம் வந்தது,
ஏழரைக்கு அதன் வண்டிகள்.
தில்பகதூர் தட்டை உருவிப் போட
நான் எச்சிலைத் தள்ளி, கப்பைப் பிரித்து,
அடுத்தது, அடுத்தது.
31 ஏ.
ஃபாயில் பிரியவில்லை.
பன் அப்படியே. அடியில் இரண்டும்.

தூங்கியிருப்பான்.
கால் நீட்ட இடம் கிடைத்தால் போதும் அவனுக்கு.
எழுப்பவேண்டாம் என்று போயிருப்பார்கள்.

ஆறாயிரத்து அறுநூறு கிலோமீட்டர்
போய்விட்டு வந்திருக்கிறது சோறு.
திருச்சி ஓடுதளத்தில்
ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றிருக்கிறது,
கதவு திறந்து காற்றுகூடப் பட்டிருக்கலாம்.
எனக்கு இன்னும் பதினான்கு மாசம்.

ஊர் போய்வந்த சாப்பாட்டை எரித்தாகவேண்டும்,
கம்பெனிச் சட்டம்.
சிவப்புப் பைக்குள் கவிழ்த்தேன்.
ஊறுகாயையுமா, என்றான் தில்பகதூர்.
பொட்டலம் சில்லென்று இருந்தது.
அதையும்தான்.

மத்தியானம் போன் வந்தது.
'உங்க பிளைட்ல சோறே போடலியேடா.'
எத்தனை மணி நேரம் ஆச்சு, என்று மட்டும் கேட்டேன்.
'எங்க, கண்ண மூடினேன்,
திருச்சி.'