பதினொன்று முதல் ஏழு வரை

ஜூனில் நான்தான் மதிலுக்கு மேல் தலை நீட்டிச் சொன்னேன்:
"எங்க்ராசியா, அந்த நீரூற்றை இரவில் நிறுத்துங்கள்.
மூன்றரைக்கு எழுந்து மாவு பிசைகிறவன் நான்.
சரகோசா வெக்கையில் ஜன்னலைச் சாத்தினால் தூக்கமில்லை,
திறந்தால் உங்கள் தண்ணீர் விடியும்வரை பேசுகிறது."
அவள் வாதாடவில்லை. ஒரு டைமர் வாங்கி மாட்டினாள்.
பதினொன்று முதல் ஏழு வரை
குளம் வாயை மூடிக்கொண்டது.

ஆகஸ்டில் எல்லோரையும் போல அவளும் கடலுக்குப் போனாள்.
சாவியும் ஏழு தங்கமீன்களும் என் பொறுப்பில்.
வாரத்தின் நாட்கள்தான் அவற்றுக்குப் பெயர்.
வால் கிழிந்தது வியாழன். வெளிறியது திங்கள்.
எல்லாவற்றிலும் பெருத்தது ஞாயிறு.
மற்றவை எனக்கு ஒரே முகம்.

அந்த வாரம் சியெர்சோ வீசவில்லை.
வடமேற்கிலிருந்து வந்து தெருக்குப்பையைப் புரட்டும்
அந்த வறட்டுக் காற்றை வருடம் முழுக்கத் திட்டியிருக்கிறேன்.
நாற்பத்திரண்டு டிகிரி.
இஸ்திரி போட்ட துணி மாதிரிக் கிடந்தது குளம்.
பகலில் மீன்கள் அல்லி இலைக்கடியில் ஒடுங்கின,
உண்டியலுக்குள் விழுந்த காசுகளாய் அசையாமல்.
சோம்பேறிகள் என்று நினைத்தேன்.

வேலைக்குக் கிளம்பும்போது, மூன்றே முக்கால் மணிக்கு,
கைபேசி வெளிச்சத்தில் பார்த்தால்
நீர்மட்டத்தில் ஏழு வாய்கள்.
திறந்து, மூடி, திறந்து,
சத்தமில்லாமல் ஒரே எழுத்தைச் சொல்லிக்கொண்டு.
பசி என்று படித்தேன் அதை.
வாய் திறந்தால் பசி. ரொட்டிக்காரனுக்கு வேறென்ன தெரியும்?
பையிலிருந்த நேற்றைய ரொட்டியைப் பிய்த்துப் போட்டேன்.
ஒன்றும் தொடவில்லை. ஊறி, உப்பி, மூழ்கியது.
மறுநாளும் போட்டேன், கொஞ்சம் அதிகமாக.

மூன்றாம் நாள் ஞாயிறு பக்கவாட்டில் மிதந்தது.
வெயில் கொன்றுவிட்டது என்று சொல்லிக்கொண்டேன்.
மணி நாலு. வெயிலே இல்லை.

அன்று கடையில் மாவு தொட்டியை மீறிப் பொங்கியது.
சூட்டில் ஈஸ்ட்டுக்கு அவசரம்.
முழங்கைவரை அதற்குள் இருக்கும்போது பாதி புரிந்தது:
சூடு ஏற ஏற உடம்பு மூச்சை அதிகம் கேட்கும்;
சூடு ஏற ஏறத் தண்ணீரின் கையில் காற்று தங்காது.
மீதியைப் பாசி சொன்னது.
பகலெல்லாம் குமிழி குமிழியாக மூச்சைக் கடன் கொடுத்துவிட்டு
இருட்டியதும் வசூலுக்கு வருகிறது.
அழுகும் என் ரொட்டியும் அந்த வரிசையில்.
விடிவதற்கு முன் குளத்தின் கல்லா காலி.
அந்த நேரம் பார்த்துத்தான்
ஊற்றை நிறுத்தச் சொல்லியிருந்தேன் நான்.

ஏப்ரனோடு ஓடிவந்தேன்.
டைமர் எந்தப் புதருக்குள் என்று தெரியவில்லை.
நான் அஸ்தூரியாஸ்காரன். எங்கள் பக்கம் ஆப்பிள் மதுவை
தலைக்கு மேல் தூக்கிய புட்டியிலிருந்து
இடுப்பருகே பிடித்த கோப்பைக்குள் விழவிடுவோம்;
விழுகிற வழியில் காற்றைக் குடித்தால்தான் அதற்கு உயிர்.
சமையலறையிலிருந்து ஒரு ஜாடி எடுத்தேன்.
மொண்டேன், தூக்கினேன், ஊற்றினேன்.
மொண்டு, தூக்கி, ஊற்றி.
முதலில் வந்தது வியாழன், கிழிந்த வாலோடு.
பிறகு மற்றவை, நுரைக்குள் தலை நீட்டி.
ஏழு மணிக்கு ஒரு 'க்ளிக்'. ஊற்று எழுந்தது.
என் தோள்கள் விழுந்தன.
பூட்டிய கடை முன் யார் யார் திட்டினார்களோ.

செப்டம்பரில் வந்தவள் எண்ணிப் பார்த்தாள். ஆறு.
ரொட்டியைப் பற்றியும் மறைக்காமல் சொன்னேன்.
நெடுநேரம் தண்ணீரையே பார்த்துவிட்டு,
"இப்போது தூங்க முடிகிறதா?" என்றாள்.
அது கோபமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

நேற்றிரவு திடுக்கிட்டு விழித்தேன்.
ஏதோ சத்தம் என்று நினைத்தேன்.
சத்தம் நின்றுபோயிருந்தது.
தெரு முழுக்க மின்சாரம் இல்லை, வெக்கை மட்டும் இருந்தது.
ஜாடியைத் தேடி எடுத்துக்கொண்டு மதிலேறினால்
எனக்கு முன்பே அங்கே இருட்டில்
யாரோ மொண்டு ஊற்றும் ஓசை.

"இன்னும் உயரத்திலிருந்து," என்றேன்.