ஒன்பதாம் கட்டம்

மொத்தம் இருபது கட்டங்கள் வைத்தேன்.
முதலாவது குழந்தைக்கும் எளிது:
ஐஸ் பாறையிலிருந்து ஐஸ் பாறைக்குத் தாவல்.
விழுந்தால் முழங்கால் ஆழம்தான்.
பகலெல்லாம் முதுநகர் துறைமுகத்தில்
நான் எடை எழுதும் அதே ஐஸ்,
ஐம்பது கிலோ, ஓரத்தில் நீலம்.
ஒட்டியிருக்கும் மணலை மட்டும் விட்டுவிட்டேன்.
துகள் கூடினால் மலிவு போன்கள் திணறும்.

மூன்றில் பச்சைக் கொடி.
அதைத் தொட்டவர் இனி எங்கே செத்தாலும்
கொடியடியில்தான் பிறப்பார்.
ஐந்தில் பத்துக் காசு. ஏழில் மஞ்சள் தொப்பி.
பதினைந்தில் பெயருக்கு முன்னால் ‘ஸ்ராங்கு’ என்று வரும்.
இருபதில் கலங்கரை விளக்கம்,
உச்சியில் வாணவேடிக்கை, ஏழு வினாடி.
அதற்கு மேலே வானம் போடவில்லை.

ஒன்பது மட்டும் எனக்கே சரியாக வரவில்லை.
அக்கரைகோரிக்குப் புறப்படும் படகு,
மழை,
ஆடுகிற ஒற்றைப் பலகை,
பலகைக்கும் படகுக்கும் நடுவே உப்பனாறு.
ஒரு இமைப்பு பிந்தினால் தண்ணீர்.

இரவு பதினொன்றுக்கு மேல் கணக்குப் பார்ப்பேன்.
உள்ளே வந்தவர் நானூற்றுப் பன்னிரண்டு.
எட்டைத் தாண்டியவர் இருநூற்று அறுபது.
ஒன்பதைத் தாண்டியவர்
முப்பத்தொன்று.

“அங்கதான் ஓட்டை” என்றாள் சம்மனசுமேரி.
“ஆளுங்க கழண்டுக்கிறாங்க பாரு,
பலகைய அகலமாக்கு.”
அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.
என்னோடு சேர்ந்து
என்னைத் தாண்டி
மூன்றே வருடத்தில் சூப்பர்வைசர் ஆனவள்.
நான் இன்னும் தினக்கூலி.
ஐஸ் பிளாண்டில் பச்சைக் கொடி எங்கே இருக்கிறதென்று
யாரும் காட்டவில்லை,
நானும் கேட்கவில்லை.

பலகையை அகலமாக்க உள்ளே போனேன்,
தொப்பியில்லாமல், புது ஆள் மாதிரி.

பலகைமேல் ஒருவன்.
பெயரில் வெறும் எண்கள், கடைசியில் ஒரு மீன்.
நூற்று நாற்பத்து மூன்று முறை விழுந்திருக்கிறான் என்றது திரை.
இப்போது தாவவில்லை.
உட்கார்ந்திருந்தான்.
மழை அவன்மேல் விழுந்து
அவனுக்குள்ளேயே புகுந்து போயிற்று.
(நனைவதை எழுத எனக்கு இன்னும் தெரியாது.)

‘ஹெல்ப் வேணுமா?’ என்று தட்டினேன்.
மூன்று புள்ளிகள் நெடுநேரம் துடித்தன.
‘வேணாம். இங்க சத்தம் நல்லாருக்கு.’
பிறகு,
‘யாரு அது மெழுகுவத்தி கேக்கறது?’

சத்தம் நான் பதிந்தது.
சோனாங்குப்பத்தில் எங்கள் தகரக் கூரைமேல் ஐப்பசி மழை.
ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி சட்டென்று நிற்க,
இருட்டுக்குள்ளிருந்து தம்பி,
“மெழுகுவத்தி எங்க?”
கத்தரிக்க மறந்துபோன நான்கு வினாடி.
நாற்பது வினாடிக்கு ஒருமுறை
ஒன்பதாம் கட்டத்தில் அவன் கேட்டுக்கொண்டே இருக்கிறான்,
ஆறு மாதமாக,
தாண்டிப் போனவர்களிடமும் விழுந்தவர்களிடமும்.

பலகையை அகலமாக்கவில்லை.
அதன் ஓரத்தில் ஒரு மெழுகுவத்தி வைத்தேன்.
காசு தராது. எண்ணிக்கையில் சேராது.
தொட்டால் எரியும், மறுபடி தொட்டால் அணையும்,
அவ்வளவுதான்.
மழையில் எப்படி எரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த வாரக் கணக்கு:
ஒன்பதைத் தாண்டியவர் இருபத்திரண்டு.
“கொறஞ்சிட்டாங்களே” என்றாள் சம்மனசுமேரி.
“நாப்பத்தெட்டரை” என்றேன்,
தராசைக் காட்டி.
உருகிக்கொண்டிருந்தது.

நேற்று இரவு பார்த்தேன்.
மீன் பெயர்க்காரன் அங்கேதான்.
பக்கத்தில் நான்கு பேர்,
யாரும் யாரோடும் பேசவில்லை.
இரண்டு மஞ்சள் தொப்பி,
எதுவுமில்லாத ஒரு புதுசு,
அப்புறம் ஒரு ஸ்ராங்கு.

பதினைந்திலிருந்து இறங்கி வந்திருக்கிறான்.
இறங்குவதற்கு நான் வழியே வைக்கவில்லை.
விடிகிற வரை
வரிவரியாக என் நிரலைத் தேடினேன்,
எந்த இடத்தில் திரும்பினான் என்று.