மூன்றாம் இயந்திரம், இரவு ஷிப்ட்

துவோமோ ஒரு ஸ்டீல் வடிகட்டி வாங்கி வந்தான்,
காபி வடிதாள் செய்கிற ஆலைக்குள்.
கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்தவனை மன்னிக்கலாம்;
இவன் ஊசியே வேண்டாமென்று சொல்ல வந்திருக்கிறான்.

"ஒருதரம் வாங்கினால் பத்து வருஷம்."
"அந்தப் பத்து வருஷமும் நீ என்ன வேலை பார்ப்பாய்?"
இங்கெரி கேட்டாள், திரையிலிருந்து தலை தூக்காமல்.

வெளியே மைனஸ் இருபத்தாறு.
கிமி ஆறு கல்லாகிக் கிடந்தது.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
ஆறு மீட்டர் அகலத்தில் பழுப்புத் தாள்
ஓடிக்கொண்டே இருந்தது,
யார் யாருடையவோ காலைகள்
இன்னும் வெட்டப்படாமல்.

ஸ்டீலில் இறங்கிய காபி கனத்தது.
மேலே எண்ணெய் மினுமினுப்பு, அடியில் வண்டல்.
எனக்குப் பிடித்தது. சொல்லவில்லை.
சங்கச் செயலாளர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

வெய்க்கோ குவளையைத் தொடவே இல்லை.
போன அக்டோபரில் அவன் நெஞ்சுக்குள்
சின்னதாய் ஒரு வலைக்குழாய் வைத்தார்கள்.
"உள்ளே ஏற்கெனவே ஒரு ஸ்டீல் இருக்கிறது.
காபியாவது தாளில் வரட்டும்.
அந்த எண்ணெய் ஆகாதென்று டாக்டர் சொல்லிவிட்டாள்."

அலமாரியைத் திறந்தால் தாள் டப்பா காலி.
நாளுக்கு எண்பது டன் உருள்கிற இடத்தில்
ஒரு மனிதனுக்கு, ஒரு குவளைக்குத்
தாள் இல்லை.

மூன்று மணிக்கு இயந்திரத்தில் தாள் அறுந்தது.
சங்கு அலற எல்லோரும் ஓடினோம்.
நனைந்த கந்தலை வாரிக் குழியில் தள்ளி
நுனியைப் பிடித்து உருளைக்குள் கொடுத்து
மறுபடி ஓடவிட நாற்பது நிமிஷம்.
திரும்பி வருகையில் துவோமோவின் கக்கத்தில்
கழிவிலிருந்து உருவிய ஒரு முழம் தாள்.

கத்தியால் வட்டம் வெட்டினான்.
வட்டமில்லை, உருளைக்கிழங்கு.
மடித்தான். கிழிந்தது.
இன்னொன்று மடித்தான்.
அதைத் தன் ஸ்டீல் வடிகட்டிக்குள்ளேயே உட்கார்த்தி
வெந்நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டான்,
குழந்தைக்கு மருந்து புகட்டுகிறவன் மாதிரி.

வெய்க்கோ ஒரு வாய் குடித்தான்.
"ஈர மரம் மணக்கிறது" என்றான்.
முகத்தைச் சுளித்தான்.
இன்னொரு வாய் குடித்தான்.

வியாழக்கிழமை புது டப்பா வந்துவிட்டது.
ஸ்டீல் வடிகட்டி ஆணியில் தொங்குகிறது.
துவோமோவே இப்போது தாளில்தான் குடிக்கிறான்,
விவாதிக்கத் தெம்பில்லையாம்.

சில விடியல்களில் அந்த வடிகட்டி
ஈரமாக இருப்பதாக இங்கெரி சொல்கிறாள்.
நான்தான்.
கேட்டால் செயலாளரைக் கைகாட்டுவேன்.