நாப்போலியில் போளி இல்லை

அஸ்தம்பட்டி ரவுண்டானா தாண்டி
எங்கள் பலகையில் நாப்போலி பேக்கரி என்றிருக்கிறது.
திறந்த முதல் வாரம் முழுக்க
"போளி சூடா இருக்குங்களா?" என்றுதான் வந்தார்கள்.
தேங்காயா பருப்பா என்று
தங்களுக்குள் தகராறு வேறு.
முதலாளி அர்த்தநாரி, மேச்சேரிக்காரர்,
இத்தாலிக் கப்பலில் பதினோரு வருஷம் மாவு பிசைந்தவர்,
ஒரு நாள் தோற்றுப்போய் போளியும் போட்டார்.
அன்றைக்கு ஒருத்தரும் கேட்கவில்லை.
பில் மெஷினில் அந்தப் பட்டன் மட்டும் மிச்சம்:
போளி, இருபத்தைந்து ரூபாய்.

இரும்பாலையில் ஓய்வு பெற்ற ஒருவர்
ரொட்டியைக் கல்லாப்பெட்டி மேல் தட்டிக் காட்டினார்.
டொக் டொக்.
"எங்க மில்லுல கூட இவ்வளவு கெட்டியா உருட்டலைங்க."
மறுநாளும் வந்தார், அதே ரொட்டிக்கு.
சாம்பாரில் பத்து நிமிஷம் ஊறினால்
சரியாகிவிடுகிறதாம்.
முதலாளி உள்ளே போய்
சுவரைப் பார்த்து நின்றார்.

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைப் பையன்கள்
விரல் கறுப்போடு நாலு பேர் வருவார்கள், வாங்குவது ஒன்று.
"தட்டுவடை செட்டுதானேக்கா இது?
கொஞ்சம் பெரிசா, கொஞ்சம் பணக்காரத்தனமா."
சாண்ட்விச்சுக்கு
இதைவிட நல்ல விளக்கம் நான் கேட்டதில்லை.
பீட்ரூட் துருவல் இல்லை என்றதும்
எங்களுக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டார்கள்.

வாய்தா நாளில் மட்டும் வருகிற இரண்டு பேர் உண்டு.
கோர்ட்டு பக்கம்தான்.
அவள் முதலில், கால் மணி கழித்து அவர்.
அவள் ஃபேனுக்குக் கீழே,
அவர் கண்ணாடியோரம்.
ஒரே சாண்ட்விச்சைத்தான்
தனித்தனியாகக் கேட்பார்கள்.
அவர் ரொட்டியைத் திறந்து
ஆலிவை ஒவ்வொன்றாகப் பொறுக்கித்
தட்டின் இடது ஓரத்தில் வைப்பார்.
பிறகு தட்டை இடப்பக்கமாக
லேசாக நகர்த்துவார்.
இடப்பக்கம் காலி நாற்காலி.
மூன்று வாய்தாவுக்குப் பிறகுதான்
எனக்கு இது உறைத்தது.

ஏற்காட்டு மலையே தெரியாமல் மழை பிடித்த ஒரு மத்தியானம்
கரண்ட் இல்லை, அடுப்பு இல்லை,
ரொட்டி ஒன்றே ஒன்று.
இரண்டு பேரும் கேட்டாயிற்று.
"குறுக்கால வெட்டு" என்றார் அர்த்தநாரி.
"பில்லை ரெண்டாப் போட்டிருங்க."
இரண்டு மேசையிலிருந்தும்
ஒரே நேரத்தில், ஒரே சுருதியில்.

நான் செய்தது தப்பாக இருக்கலாம்.
அவர் பாதியில் இருந்த ஆலிவையெல்லாம் எடுத்து
அவள் பாதியில் வைத்தேன்.

அவள் திறந்தாள். பார்த்தாள். மூடினாள்.
ஒரு துணுக்கு விடாமல் தின்றுவிட்டு
டிஷ்யூவால் மேசையையும் துடைத்தாள்.
அவர் திறந்து வெகுநேரம் தேடினார்,
காணாமல் போனது தனக்குப் பிடிக்காததுதான்
என்பதை மறந்து.
அப்புறம் தட்டை நகர்த்தவில்லை.
மழை விட்டதும் அவள் குடை இல்லாமலும்
அவர் குடையை விரிக்காமலும் போனார்கள்.

அதற்குப் பிறகு வாய்தா முடிந்ததா, தள்ளிப்போனதா,
தீர்ப்பே வந்துவிட்டதா, யாரிடம் கேட்பது?
வக்கீல்கள் டீ குடிக்க எதிர்க்கடைக்குப் போகிறவர்கள்.

நேற்று அவர் வந்தார்.
கையில் கட்டு ஃபைல் இல்லை.
உட்காரவும் இல்லை.
"அந்தக் காய் மட்டும்
நூறு கிராம் பார்சல் கிடைக்குமா?"
பெயர்கூடச் சரியாகத் தெரியவில்லை அவருக்கு.
நாங்கள் தனியாக விற்பதில்லை,
அதற்கு மெஷினில் பட்டனும் இல்லை.
உள்ளே எட்டிப் பார்த்தேன்,
முதலாளி மாவில் முழங்கை வரை இருந்தார்.

டப்பாவில் அள்ளி, மூடி,
ரப்பர் பேண்டு இரண்டு சுற்று சுற்றிக் கொடுத்தேன்.
பில்லில்
போளி என்று அடித்தேன்.
அவர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு
மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.